மே மாதத்துப் படத்தில் ஏரி இல்லை

என் உயிர் மச்சான் சேவியருக்கு,

மழை விட்டுவிட்டது. விட்ட மறுநாளே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. மயிலாப்பூர் வீட்டில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் எப்படி? அங்கேயாவது ராத்திரியில் சூடு இறங்குகிறதா?

நம் பங்குக் கோவில் மாத இதழுக்கு உன்னைப் பற்றி ஒரு நினைவஞ்சலி கேட்டார்கள். ‘அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்’ என்று வழக்கம்போலத் தொடங்கினேன். ரீட்டா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “யாரைப் பத்தி எழுதுறீங்க? எங்க அண்ணனைப் பத்தின்னுல்ல சொன்னீங்க?” என்றாள். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை மச்சான், உன்னோடு பேசத்தான் வருகிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேர்ந்த அன்றே உன்னை மச்சான் என்று கூப்பிட்டேன். மெட்ராஸில் பக்கத்து பெஞ்சுக்காரனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பிறகு உன் தங்கை ரீட்டாவை நான் கட்டிக்கொண்டபோது அந்தச் சொல் நிஜமாகிவிட்டது. பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வரும்போது, “சும்மா கூப்பிட்டதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையாடா?” என்று என் காதில் கேட்டாய். தண்டனை யாருக்கு என்று கடைசிவரை நீ சொல்லவே இல்லை.

நீ கல்லூரியில் புள்ளியியல் நடத்தினாய். நான் தி.நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில், செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து நில வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு நீலம், பயிருக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு. ஒன்றுக்கும் ஆகாத நிலத்துக்குப் பழுப்பு. அந்தப் பழுப்புக்கு நாங்கள் வைத்த பெயர் தரிசு.

அடையாற்றுப் படுகையைப் பற்றி ஓர் அறிக்கை வேண்டுமென்று எங்கள் அலுவலகத்துக்கு வேலை வந்தபோது, மழையையும் வெப்பத்தையும் கணக்குப் பார்க்க உன்னை இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். அடையாறு என்றால் சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிற தண்ணீர் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். தாம்பரத்துக்கும் அப்பால் ஏரிக்குப் பின் ஏரியாக நிரம்பி, ஒன்று வழிந்து இன்னொன்றுக்குப் போய், ஓடை ஓடையாகச் சேர்ந்துதான் அது ஆறாகிறது என்று யாரிடம் சொன்னாலும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நீ ஒருவன்தான் கேட்டாய். கேட்டுவிட்டுச் சண்டை பிடித்தாய்.

மழை மாறிவிட்டது என்பாய் நீ. மண் மாறிவிட்டது என்பேன் நான். உஸ்மான் ரோட்டு டீக்கடைக்காரர் நம் இருவருக்கும் பாகப்பிரிவினைத் தகராறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். “வருஷத்துக்குப் பெய்யற தண்ணி ஏறக்குறைய அதேதான்டா. வர்ற விதம்தான் வேற. முன்னல்லாம் மாசச் சம்பளம் மாதிரி வந்துச்சு, இப்ப லாட்டரி மாதிரி விழுது” என்று நீ கத்துவாய். “விழட்டும், குடிக்க மண்ணு எங்கடா இருக்கு? எல்லாம் சிமெண்ட்டு” என்று நான் கத்துவேன். இரண்டும் ஒரே சண்டைதான் என்று புரிவதற்குள் நம் தலை நரைத்துவிட்டது.

வெயிலைப் பற்றி உனக்குத் தனிக் கோபம் ஒன்று உண்டு. பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ராத்திரி சூடு இறங்காமல் நிற்பதை யாரும் பேசுவதில்லை என்பாய். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர்கள் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன, மனிதன் எப்போது ஆறுவது என்பாய். அப்படி ஒரு மே மாதத்தில், அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான் நீ எழுந்திருக்கவில்லை. ராத்திரிச் சூடுதான் உன்னைக் கொண்டுபோயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஊருக்கே முடிவு கட்டக் கூடாது என்று நீயே என்னைத் திட்டுவாய்.

ஆனால் எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்குக் கிடையாதே.

நம் அலுவலகத்தில் உன் பெயரே ‘எந்த மாசம்’ சார் என்றாகிவிட்டது ஞாபகமிருக்கிறதா? ஒரு நாள் ஒரு பையன் போட்டுவந்த வரைபடத்தில் பெரிய ஏரி ஒன்று முழுக்கப் பழுப்பாக இருந்தது. “எந்த மாசத்துப் படம் இது?” என்று கேட்டாய். மே மாதம் சார் என்றான். “மே மாசம் எடுத்தா மெரினாவைத் தவிர எல்லாமே தரிசுதான்டா!” என்று நீ போட்ட சத்தத்தில் கீழே புடவை எடுக்க வந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதே கேள்விதான் உனக்கு. உன் மகள் ஜெனிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பிரவீன் வீட்டிலிருந்து போட்டோ வருகிறது. தலைநிறைய முடி. கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு, “எந்த மாசத்துப் படம் இது?” என்றாய். நேரில் வந்தபோது முடி பாதிதான் இருந்தது. பையன் மட்டும் முழுசாக நல்லவனாக இருந்துவிட்டான்.

சரி, இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைக்கிறேன்.

கல்லறைத் திருநாள் என்றாலே நமக்குக் குடைதான். நவம்பர் பிறந்தவுடன் வருகிற நாள், மழைக்காலத்தின் நட்ட நடு. ஒரு கையில் குடை, ஒரு கையில் மெழுகுவத்தி, பற்ற வைப்பதும் அணைவதும் மறுபடி பற்ற வைப்பதுமாக எத்தனை வருஷம் நின்றிருக்கிறோம். இந்த வருஷம் குடையை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனோம். வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. உன் கல்லறைமேல் நட்டுவைத்த மெழுகுவத்தி, திரி பாதி எரிவதற்குள் இடுப்பு வளைந்து படுத்துவிட்டது. வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மாவிடம் போய் வேறு கேட்டேன்.

“இன்னா சார் பண்றது, எல்லாம் அப்டித்தான் வளைஞ்சிகினு கீது. வெயில் அந்த மாரி. நான் இன்னா, உள்ள கம்பி வெச்சா விக்கிறேன்?” என்றார் அந்த அம்மா.

பிலோமினா அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன் மனைவிக்கு இப்போது முட்டி மடங்குவதே இல்லை, நிற்கவும் முடியவில்லை. ஜெனி உன் பெயர் பொறித்த கல்லைத் துடைத்துவிட்டு, ஏதோ நீ நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பதுபோல, “அப்பா, வீடு பார்த்துட்டோம். இனிமே அம்மா தண்ணில நிக்க வேணாம்” என்றாள். எனக்கும் ரீட்டாவுக்கும் அவள் வீடு பார்க்கும் விஷயமே அப்போதுதான் தெரியும். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறாள்.

மேற்கு மாம்பலத்தில் உன் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயா? நீ வாங்கியபோது தெருவிலிருந்து படி ஏறி உள்ளே போவோம். இப்போது படி இறங்கி உள்ளே போகிறோம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதற்கு மேலேயே போடுகிறார்கள், ரோடு வளர்கிறது, வீடு குள்ளமாகிறது. பக்கத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள் எல்லாம் ஆளுயரத்துக்குத் தளத்தை உயர்த்திக்கொண்டன. அவர்கள் வாசலில் விழுகிற மழை எல்லாம் உன் வாசலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. வருஷா வருஷம் சாமான்களை மேலே ஏற்றி, இறக்கி, சேறு கழுவி, பினாயில் ஊற்றி, பிரவீனோடு அம்மாகூடவே அங்கே இருக்கிற ஜெனி அலுத்துப்போய்விட்டாள். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பார்த்து வைத்த புது வீட்டைக் காட்ட ஜெனி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. பிரவீனுக்கு அன்று வேலை, ஜெனியும் நானும் மட்டும்தான். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பால்கனியில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி, லிஃப்ட் உண்டு, கோவில் பக்கத்திலேயே. அவள் இவ்வளவு பேசி நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. உன் குரல்தான் மச்சான் அவளுக்கு, அதே வேகம்.

இடம் அழகாகத்தான் இருந்தது. அகலமான வெளி, நல்ல காற்று, வரிசையாகப் பனைமரங்கள். விற்பனைக்கு நின்ற பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள், குடிக்க மோர் கொடுத்தாள். சுவரில் பெரிதாக ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. ஜெனி விரலை வைத்துக் காட்டினாள்.

“பாருங்க மாமா, நீங்க கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஏரி கெடயாது, ஓடை கெடயாது. பழுப்பு. தரிசுன்னுதான் போட்டிருக்கு.”

என் வாயில் உன் கேள்விதான் வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, “எந்த மாசத்துப் படம்மா இது?” என்றேன்.

“மே மாசம் சார். அப்பதானே வானம் கிளியரா இருக்கும்” என்றாள், சிரித்த முகம் மாறாமல்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆயாசமாகிவிட்டது. மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும், அநேகமாகப் படம் கிடைக்காது. மேகம் இல்லாத படம் வேண்டுமென்றால் கோடைதான். ஆக, ஏரியில் தண்ணீர் இருக்கும்போது படம் இல்லை, படம் இருக்கும்போது ஏரியில் தண்ணீர் இல்லை. எவனோ ஒருவன் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து ஏரியை அழித்திருந்தால் அவன் சட்டையையாவது பிடிக்கலாம். இங்கே யாரைப் பிடிப்பது? வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, கிடைத்த படத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை அடித்திருக்கிறான். அதற்குமேல் லாரி லாரியாக மண் வந்து கொட்டியிருக்கிறது.

மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கட்டடத்துக்குப் பின்பக்கம் நடந்தேன். கொட்டிய செம்மண் முடிகிற இடத்தில் பழைய மண் தெரிந்தது. வெடிவெடிப்பாகக் காய்ந்த கரிய களிமண். அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். கோரை காய்ந்து நின்றது. பனைமரங்கள் நின்ற மேடு வெறும் மேடு இல்லை, ஏரிக்கரை. நாங்கள் நின்றது கரைக்கு உள்பக்கம்.

உடனே சொல்ல மனம் வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் சொன்னேன்.

“ஜெனி, அது வேணாம்மா.”

“ஏன் மாமா?”

“அது ஏரியோட உள்வாய். ஏரி ரொம்புனா தண்ணி வந்து நிக்கிற எடம்.”

“மண்ணு கொட்டி ஒசத்தியிருக்காங்களே?”

“நீங்க ஒசந்தா தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போவும். பெரிய மழையா வந்தா ரெண்டு வீட்டுக்கும் வரும். உங்க மாம்பலத்துல நடக்குறதுதான், அங்க இன்னும் கொஞ்சம் ஆழமா நடக்கும்.”

தண்டவாளத்தைப் பார்த்து நின்றவள் என் பக்கம் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

“அப்ப நாங்க எங்க போறது மாமா? மாம்பலம் வேணாம், இதுவும் வேணாம். தண்ணியே வராத எடம் ஒண்ணு நீங்களே சொல்லுங்க. நீங்கதானே மேப் போடுறவரு? சொல்லுங்க, அங்கயே பாக்குறோம்.”

மச்சான், இந்தப் படுகையில் எந்த ஏரி வழிந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். நீயும் நானும் வாழ்நாளில் பாதியை அதற்குத்தான் செலவழித்தோம். ஆனால் உன் மகள் குடியிருக்க ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. மேடான இடம் அவர்கள் கைக்கு எட்டாது. எட்டுகிற இடமெல்லாம் பள்ளம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ரயில் வந்தது. ஏறினோம். நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? நிஜமாகவே கேட்கிறேன்.

ரெண்டு நாள் கழித்து பிரவீன் போன் செய்தான். “சரி மாமா, விட்டுட்டோம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். அந்த ‘சரியாத்தான் இருக்கும்’ எனக்குச் சாப்பாட்டோடு இறங்கவில்லை. ரீட்டா வேறு பிடித்துக்கொண்டாள். “வேணாம்னு சொல்ல எல்லாருக்கும் தெரியும். எங்க அண்ணன் இருந்தா வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருக்குமா?” என்றாள். நீயும் படுத்துத்தான் இருப்பாய். ஆனால் செத்தவனோடு யாராவது போட்டி போட முடியுமா?

நவம்பர் முழுக்க அதே வெயில். மழைக்காலம் பொய்த்துவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். பிறகு வந்தது உன் லாட்டரி. ஒரு மாதத்துக்கானது முழுவதும் ஒரு ராத்திரியும் ஒரு பகலுமாகக் கொட்டித் தீர்த்தது. காலையில் ஜெனியிடமிருந்து போன். “மாமா, தண்ணி உள்ள வந்துடுச்சு. அம்மாவைக் கட்டில்ல ஒக்கார வெச்சிருக்கேன். கட்டிலுக்குக் கீழ செங்கல் வெச்சாச்சு. இன்னும் ஏறுச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியல.”

நானும் ரீட்டாவும் ஆட்டோ பிடித்தோம். தி.நகர் தாண்டுவதற்குள் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “இதுக்கு மேல போவாது சார். சப்வே ரொம்பிகினு கீது. உள்ள உட்டா வண்டி படகாய்டும். அந்தாண்ட ஸ்டேஷன் பாலத்து மேல ஏறிப் போய்க்கினே இருங்க” என்றார். போனோம். ரீட்டா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். உன் தங்கைக்குக் கோபம் வந்தால் முட்டிவலி தெரியாது.

உன் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். ஃபிரிட்ஜ் மேசைமேல் இருந்தது. உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரி உச்சியில் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலின் நடுவில், கால்களை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, ஜெபமாலையும் கையுமாக பிலோமினா அக்கா. என்னைப் பார்த்ததும், “ஈரத்துல எதுக்கு தம்பி வந்தீங்க? சளி புடிச்சுக்குமே” என்றார்.

ஜெனி ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தண்ணீரை எடுத்து எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தாள்.

“தாம்பரத்துல அந்த எடம் எப்படி இருக்குன்னு பிரவீன் விசாரிச்சாரு மாமா. அங்கயும் இடுப்பளவு நிக்குதாம். லிஃப்ட் குழியெல்லாம் தண்ணியாம்” என்றாள்.

நான் அவள் கையிலிருந்து பக்கெட்டை வாங்கினேன்.

“நீங்க சொன்னது சரிதான்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் சொன்னது சரியாகப் போன நாள் இது, மச்சான். நம் இருவருக்கும் இதுதானே ஆசை, ஒரு தடவையாவது நாம் சொன்னது சரி என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று. கேட்டுவிட்டேன். சரியாகச் சொன்ன வாயோடு முழங்கால் தண்ணீரில் நின்றேன். இதற்குத் தப்பாகவே சொல்லியிருக்கலாம்.

ரீட்டாதான் காரியத்தைக் கையில் எடுத்தாள். “அண்ணி, கெளம்புங்க. நம்ம வீட்டுக்குப் போறோம்” என்றாள். அக்கா மாட்டேன் என்றார். நாத்தனார் வீட்டில் போய்ப் பாரமாக உட்கார மாட்டேன், தண்ணீர் சாயங்காலம் வடிந்துவிடும், வருஷா வருஷம் வடிகிறதுதானே என்றார். “வருஷா வருஷம் வடியுது, வருஷா வருஷம் வருது. எனக்கு அலுத்துப்போச்சு அண்ணி, உங்களுக்கு அலுக்கலயா?” என்று ரீட்டா கேட்டாள். அக்கா ஜெபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டார். “அவர் போட்டோவையும் எடுத்துக்கோ” என்றார்.

பிரவீன் எங்கிருந்தோ முன்னால் பலகை வைத்த ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் நாற்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மேடான இடம்வரை தள்ளிக்கொண்டு வந்தோம். உன் போட்டோ அவர் மடியில் இருந்தது. பிறகு ஆட்டோ. மயிலாப்பூரில் எங்களுக்கு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்காலியோடு தூக்கினோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கி, கீழே வைத்துவிட்டு நின்றேன். “இதுக்குத்தான் தம்பி வேணாம்னேன்” என்று அக்கா திட்டினார். திட்டியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

உள்ளறையில் ரீட்டா துணி தைக்கிற மெஷினை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் தாம்பரத்திலிருந்து வந்து படுத்துக்கிடந்த வாரத்திலேயே போட்டிருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வரைபடத்தில் தேடிக் கிடைக்காத இடத்தை அவள் மெஷினை நகர்த்திக் கண்டுபிடித்துவிட்டாள்.

எல்லோரும் தலை துவட்டி, சூடாகக் கஞ்சி குடித்தோம். அக்கா கட்டிலில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலும் தண்ணீர்தான். கேட்டைத் தாண்டி மாடிப்படியின் முதல் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இங்க தண்ணி வராதுல்ல?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெனியும் பார்த்தாள். உனக்குத் தெரியும் மச்சான், நம் அறிக்கைகளில் எங்கேயும் ‘வராது’ என்று ஒரு சொல் கிடையாது. ‘இதுவரை வந்ததாகப் பதிவில்லை’ என்று எழுதுவோம். அதற்குக் கீழே ஒரு குறிப்புப் போடுவோம். அந்தக் குறிப்புக்கும் ஒரு குறிப்புப் போடச் சொல்வாய் நீ. நாளைக்கு எவ்வளவு பெய்யும் என்று எனக்குத் தெரியாது, மேலே எத்தனை ஏரி பழுப்பாகியிருக்கிறது என்பதும் முழுக்கத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று நான் இன்றுவரை எழுதியதில்லை.

“வராதுக்கா” என்றேன்.

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் படுத்தார். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். ஜெனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உன் மகள், நான் எந்த ஆதாரமும் இல்லாமல் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து, அம்மாவின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

அக்கா இப்போதும் இங்கேதான் இருக்கிறார், இனியும் இங்கேதான். பகலில் ரீட்டாவோடு சண்டை, சாயங்காலம் சமாதானம், உன்னைப் பற்றி இருவரும் சேர்ந்து புகார். ஜெனியும் பிரவீனும் மாம்பலத்தில் சேறு கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று உனக்கு எழுதவும் எனக்குத் தெம்பில்லை. தேடுகிறோம். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இதை மட்டும் கேட்டுக்கொள். வராது என்று உன் பெண்சாதியிடம் சொல்லிவிட்டேன். கணக்கு என் பக்கம் இல்லை, தெரிந்துதான் சொன்னேன். வந்தால், என் முட்டியும் மூச்சும் தாங்கினாலும் தாங்காவிட்டாலும், அக்காவை நாற்காலியோடு மொட்டைமாடிக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன். அவர் காலில் தண்ணீர் படாது, மச்சான்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் ஜெனிக்கு மாமன்,
லூர்து